வண்டி வராத பாதை

டிரைவர்: கொஞ்சம் மெதுவாப் போங்க. இங்க யாரு நம்மளை முந்தப் போறா?

டாக்டர்: பஸ் ஓட்டுறவன் பேசுற பேச்சா இது?

டிரைவர்: அதனாலதான் சொல்றேன். நாள் முழுக்க ஹாரன். லீவுலயாவது...

டாக்டர்: இங்க ஹாரன் அடிச்சாலும் வழிவிட ஆள் இல்லப்பா. மரம்தான் நிக்குது.

டிரைவர்: அந்த இரும்பு கேட்டைத் தாண்டினதும் காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

டாக்டர்: அடைக்கல. அடைப்பு போயிருக்கு.

டிரைவர்: முன்னாடி மரம் ஏத்துற லாரி வந்த பாதைன்னா இன்னும் நம்ப முடியல.

டாக்டர்: ஆமா. இப்ப லாரியும் வராது, காரும் வராது. சைக்கிளும் நடக்கிறவங்களும் மட்டும்தான். அந்தப் பக்கம் பாரு, ஏரி தெரியுது.

டிரைவர்: எங்க... ஆமா. ஒவ்வொரு தடவையும் ஏதோ தகரக் கூரைன்னே நினைச்சுடுறேன்.

டாக்டர்: நல்ல ரசனை.

டிரைவர்: பஸ் டெப்போல வேலை பார்த்தா எல்லாம் தகரமாத்தான் தெரியும்.

டாக்டர்: சரி, என்ன விஷயம்?

டிரைவர்: என்ன என்ன விஷயம்?

டாக்டர்: காலைல சைக்கிளை இறக்கினதுலேருந்து பார்க்கிறேன். ஏதோ சொல்ல வர்ற. அப்புறம் டயர்ல காத்து இருக்கான்னு அமுக்கிப் பார்க்கிற. இதுவரைக்கும் எத்தனை தடவை அமுக்கிட்ட?

டிரைவர்: சரளைக்கல் பாதை. காத்து கூடினாலும் கஷ்டம், குறைஞ்சாலும் கஷ்டம்.

டாக்டர்: நான் பல் டாக்டர். வாயைத் திறக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்களைத் தினமும் பார்க்கிறவன்.

டிரைவர்: அவங்களுக்கெல்லாம் ஊசி போட்டுத் திறப்பீங்க. எனக்கு...

டாக்டர்: உனக்கு என்ன?

டிரைவர்: ஒண்ணுமில்ல. இறக்கம் வருது, நான் முன்னாடி போறேன்.

டாக்டர்: மெதுவா. வளைவுல கல்லு குவிஞ்சு கிடக்கும். ஏய்... பிரேக்கை ஒரேயடியாப் பிடிக்காதே... பிடிக்காதேன்னு சொல்றேன்ல...

டிரைவர்: ஐயோ, சறுக்குது...

டாக்டர்: அசையாதே. அப்படியே உட்காரு. தலையில பட்டுச்சா?

டிரைவர்: இல்ல. முழங்கைதான். சைக்கிள்?

டாக்டர்: சைக்கிள் கிடக்கட்டும். விரலை மடக்கு... நீட்டு. தோளைத் தூக்கு. வலிக்குதா?

டிரைவர்: எரியுது. வலின்னு சொல்ல முடியாது.

டாக்டர்: எலும்பு தப்பிச்சுது. தோல்தான் போயிருக்கு. தண்ணி ஊத்துறேன், உள்ள கல்லுப் பொடி இருக்கு.

டிரைவர்: ஸ்... அம்மா...

டாக்டர்: இதுதான் இருபது வருஷம் பஸ் ஓட்டின லட்சணம்.

டிரைவர்: பஸ்ஸை இப்படிக் கவுத்திருந்தா வேலையே போயிருக்கும். கவனம் இல்ல, அவ்வளவுதான்.

டாக்டர்: அந்தக் கவனம் எங்க போச்சுன்னுதான் கேட்கிறேன். இன்னொண்ணு. காலைலேருந்து என்னை நீ ஒரு தடவைகூட மாமான்னு கூப்பிடல.

டிரைவர்: கூப்பிட்டிருப்பேன்.

டாக்டர்: கூப்பிடல. "கொஞ்சம் மெதுவாப் போங்க", "இங்க பாருங்க", இப்படியே ஓட்டுற. பேர் தெரியாத ஆளைக் கூப்பிடுற மாதிரி.

டிரைவர்: அழுத்தாதீங்க, எரியுது.

டாக்டர்: கட்டு போட்டாத்தான் ரத்தம் நிக்கும். சொல்லு.

டிரைவர்: அக்காவுக்குக் கல்யாணம்.

டாக்டர்: ம்.

டிரைவர்: அடுத்த மாசம். பெருசா ஒண்ணும் இல்ல. வீட்டு ஆளுங்க மட்டும்தான். இதை எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா மென்னு முழுங்கிக்கிட்டு இருக்கேன். நேத்து ரெண்டு ஸ்டாப்பிங் தாண்டிப் போய் பஸ்ஸை நிறுத்தினேன். பாசஞ்சர் எல்லாரும் திட்டுறாங்க.

டாக்டர்: எனக்குத் தெரியும்.

டிரைவர்: எது? ஸ்டாப்பிங் தாண்டினதா?

டாக்டர்: கல்யாணம்.

டிரைவர்: தெரியுமா? யார் சொன்னா?

டாக்டர்: காதுக்கு வந்துச்சு. கையைத் தூக்கிப் பிடி, ரத்தம் கீழ இறங்காம இருக்கும்.

டிரைவர்: தெரிஞ்சுக்கிட்டேதான் காலைலேருந்து மரம், ஏரின்னு காட்டிக்கிட்டு வந்தீங்களா?

டாக்டர்: மரமும் ஏரியும் இருக்கு. காட்டினேன்.

டிரைவர்: வருத்தம் இல்லையா உங்களுக்கு?

டாக்டர்: நானும் உங்க அக்காவும் பிரிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. அவ தனியா இருக்கணும்னு நான் எப்பவும் நினைச்சதில்ல. ரெண்டு பேரும் கெட்டவங்க இல்ல, ஒரே வீட்டுல இருக்க முடியல. அவ்வளவுதானே. இதைச் சொல்லத்தான் டயரை அமுக்கிக்கிட்டு இருந்தியா?

டிரைவர்: இது மட்டும் இல்ல.

டாக்டர்: இன்னும் என்ன?

டிரைவர்: நாம வருஷா வருஷம் இங்க வர்றது அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.

டாக்டர்: டியூட்டின்னு சொல்லிட்டுத்தானே வருவ?

டிரைவர்: டியூட்டிக்கு யாராவது சைக்கிளைத் தூக்கிக்கிட்டுப் போவாங்களா? போன தடவை சேத்தோட வந்து நின்னேன்ல, அப்பவே சந்தேகம். இப்ப கல்யாணப் பேச்சு வந்ததும் கூப்பிட்டு உட்கார வச்சுட்டார். கோவமா எல்லாம் பேசல. புதுசா ஒருத்தர் வீட்டுக்கு மாப்பிள்ளையா வர்றார், அவர் மனசு சங்கடப்படாதா, ஒரு வீட்டுக்கு ரெண்டு மாப்பிள்ளை எப்படிடான்னு கேட்டார்.

டாக்டர்: நியாயம்தானே.

டிரைவர்: அதான்... இதோட நிறுத்திக்கலாம்னு உங்ககிட்ட சொல்லிட்டு வர்றேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்.

டாக்டர்: ஓ.

டிரைவர்: மாமான்னு கூப்பிட்டா இதைச் சொல்ல முடியாது. அதான் கூப்பிடல.

டாக்டர்: சரி.

டிரைவர்: சரின்னா?

டாக்டர்: சரின்னா சரிதான். பெரியவர் சொல்றதுல தப்பு இல்ல.

டிரைவர்: அவ்வளவுதானா? ஒரு பேச்சுக்காவது நிறுத்த வேணாம்னு சொல்ல மாட்டீங்களா?

டாக்டர்: சொன்னா கேட்பியா?

டிரைவர்: கேட்கத்தானே இவ்வளவு தூரம் மிதிச்சுக்கிட்டு வந்தேன்.

டாக்டர்: இரு, ஒரு நிமிஷம்.

டிரைவர்: எங்க பாக்குறீங்க?

டாக்டர்: உன் சைக்கிளை. பிரேக் லீவர் வளைஞ்சிருக்கு. உடையல.

டிரைவர்: பேச்சை மாத்தாதீங்க மாமா.

டாக்டர்: ம். அப்ப நிறுத்த வேணாம். அடுத்த வருஷமும் வா.

டிரைவர்: வர்றேன். ஆனா அப்பா எந்த முறையிலடா போறேன்னு கேட்டா?

டாக்டர்: சைக்கிள்லன்னு சொல்லு.

டிரைவர்: சிரிக்க வைக்காதீங்க, முழங்கை இழுக்குது... இனி ஒளிச்சு மறைச்சு வர மாட்டேன். வீட்டுல சொல்லிட்டே வருவேன். அப்பா ரெண்டு நாள் பேச மாட்டார். அப்புறம் அவரே பஸ் பாஸ் ரினியூ பண்ணச் சொல்லி வந்து நிப்பார்.

டாக்டர்: இந்தா, லீவரை நிமித்திட்டேன். ஏறிப் பாரு. முன் பிரேக்கை நம்பாதே, பின் பிரேக்கை மட்டும் பிடி.

டிரைவர்: ஓடுது. லேசா சத்தம் வருது.

டாக்டர்: இங்க அது ஒண்ணுதான் சத்தம். வரட்டும். ஏரி வரைக்கும் பக்கத்துலயே வா.

டிரைவர்: மாமா, மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு.

டாக்டர்: இன்னும் மிச்சம் இருக்கா?

டிரைவர்: அந்த ஆளைப் பத்தித்தான். ஏதோ வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருக்காராம். நான் ரெண்டு தடவைதான் பார்த்தேன். மரியாதையாத்தான் பேசுறார். ஆனா பொண்ணு வீட்டுக்கு வந்தா எல்லாரும் மரியாதையாத்தான் பேசுவாங்க. அக்கா மொதல்ல ரொம்பத் தயங்கிச்சு. ஒரு மாசம் பதிலே சொல்லல. அப்புறம் திடீர்னு ஒரு நாள் சரின்னுடுச்சு. என்னக்கா இப்படி ஒரே நாள்லன்னு கேட்டேன். அவரைப் பத்தி நம்பிக்கையான ஆள்கிட்ட விசாரிச்சாச்சுடாங்குது. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது.

டாக்டர்: அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.

டிரைவர்: நாங்க யாரும் விசாரிக்கல மாமா. அப்பாவும் இல்ல, நானும் இல்ல. யாரோ எவனோ சொன்னதை நம்பி அக்கா தலையாட்டிட்டா, பயமா இருக்காதா? விசாரிச்சது யாருன்னாவது தெரிய வேணாமா?

டாக்டர்: ஏரி வந்துடுச்சு. இறங்கு, கைக்கு ஓய்வு கொடு.

டிரைவர்: மறுபடி பேச்சை மாத்துறீங்க... மாமா? உங்களுக்குத் தெரியுமா அது யாருன்னு?

டாக்டர்: நான்தான். உங்க அக்கா ஃபோன் பண்ணி, அவரும் சைக்கிள் ஓட்டுவாராம், ஒரு நாள் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாருங்கன்னா. என்கிட்ட ஏன் கேட்கிறேன்னு கேட்டேன். நீங்கதான் எனக்காகப் பொய் சொல்ல மாட்டீங்கன்னா. நான் யாருன்னு தெரிஞ்சுதான் அவரும் வந்தார், இதே பாதைக்கு. உண்மையைச் சொல்றேன் மாப்ள, அவர்கிட்ட ஒரு குறையாவது கண்டுபிடிச்சுடணும்னுதான் நான் வந்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு இருக்குல்ல, அதுல எனக்கு மூச்சு வாங்கி, பாதியில இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தேன். அவர் மேல போய்ச் சேர்ந்துட்டார். எனக்காக நிக்கிறார்னு நான் நினைச்சுடக் கூடாதுன்னு, செயின்ல ஏதோ கோளாறு மாதிரி குனிஞ்சு நோண்டிக்கிட்டே இருந்தார். நான் பக்கத்துல வந்து மூச்சு விட்டப்புறம்தான் நிமிர்ந்தார். செயின் புத்தம்புதுசு. கேட்டுக்கு வெளிய வந்து சிக்னல் கிடைச்சதும் உங்க அக்காவுக்கு ஃபோன் போட்டு, யோசிக்காதே, சரின்னு சொல்லிடுன்னேன்.