பெரிய வீட்டுப் பெயர்ப்பலகை

அந்தப் பெரிய வீட்டின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பெருமாட்டியில் அதைவிடப் பழைய வீடு கிடையாது. அதன் மாட்டுச்சாளையில்தான் பிறந்தேன், அங்கிருந்தே பி.எஸ்ஸி. பாட்டனியும் முடித்தேன்.

அப்பா செங்கோட்டையன், ஊர் மாரியம்மன் கோயில் பண்டாரம். எங்கள் ஊரில் எதற்கும் அம்மனிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடுவார்கள். பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். பொட்டலம் கட்டுவது நான். பாட்டனிக்குக் கிடைத்த ஒரே வேலை.

பெரிய வீட்டில் அப்போது இருந்த ஆறுமுகசாமி குடும்பம் என் அம்மாவுக்குப் பழைய சோற்றை மட்டுமே கொடுத்தது. வீட்டில் தொடர்ந்து இருக்கலாமா என்று பூக் கேட்டார்கள். இரண்டிலும் அரளி வைத்தேன். கோயமுத்தூர் போய்விட்டார்கள். அடுத்து வந்த ரமேஷ்குமார் குடும்பம், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டச் சொன்னது. அவர்களுக்கும் அரளிதான்.

பிறகு பூபதிராஜா வாங்கினார். 'இவ்வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள்' என்று வாசலில் பலகை வைத்தார்.

"எங்க பேரையும் போடுங்க. எல்லாருக்கும் முந்தியிருந்து நாங்கதானுங்க இருக்கறோம்" என்றேன்.

"சாளையில இருந்தவங்களைப் போட்டா மாட்டுப் பேரையும் போடோணுமே அம்மிணி."

அவர் மனைவி நர்மதா சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

ஆனி மழையில் கிழக்குச் சுவர் வெடித்தது. வெடிப்புக்குள் என் விரல் போனது.

"ஏனுங்க, மழை நிக்கற வரைக்கும் வேற ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றார் நர்மதா.

இங்கேயே இருக்கலாமா என்று பூபதிராஜா பூக் கேட்டார். அவர்கள் மகள் மிருதுளா வெள்ளையை எடுத்தாள். எடுத்தது அவள்தான், இரண்டிலும் நந்தியாவட்டை வைத்தது மட்டுமே நான். கூரைத் தண்ணீர் வடியும் தகரத்தை அந்தச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பியும் வைத்தேன்.

குழந்தைகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மழை பெய்த நாளெல்லாம் மிருதுளாவைச் சாளைக்குக் கூப்பிட்டுச் சோளப்பொரி கொடுத்தேன். அதனால், மதியம் சுவரோரம் படுத்திருந்த இருவர் மேல் மட்டும்தான் சுவர் விழுந்தது.

வீடு இப்போது அவளுக்கு. என் மடியில்தான் தூங்குகிறாள்.

"அக்கா, போர்டுல நம்ம பேரு இல்லையே?"

"எழுதிக்கலாம் கண்ணு."

பொள்ளாச்சியிலிருந்து தாய்மாமன் பிரதீப் வந்திருக்கிறார். அவளைக் கூட்டிப் போகலாமா என்று நாளை பூக் கேட்கிறார். இந்த வருடம் அரளி நன்றாகப் பூத்திருக்கிறது. இரண்டு பொட்டலத்தையும் கட்டி வைத்துவிட்டேன். அம்மன் என்ன சொல்கிறாளோ, அதற்கு நான் கட்டுப்படுவேன்.