விவரக் கட்டத்தில் மாமாவின் பேர்

“ஹலோ... சிதம்பரம் ஆபீசா? தேவசகாயம் சார்? ... நான் இளமதி சார், கடலூர் செம்மண்டலம் மீன்வள ஆபீஸ்லேர்ந்து... ஆமா, ஆமா. அந்தக் கடல் வரைபடம் விஷயமா... இல்ல சார், திங்கக்கிழம ஆவாது. இப்பவே!”

இளமதி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். பரங்கிப்பேட்டைக்கு நேரே, கடலுக்கடியில் சங்கரா மீன் அடையும் பாறை ஒன்று உண்டு, கேளுங்கள். அது கொளஞ்சி மாமாவுக்கு மட்டுமே தெரிந்த இடம். பெற்ற மகனிடம்கூட அவர் சொல்லவில்லை. அக்கா மகளின் வரைபட வேலைக்கு உதவுமே என்று இடம் குறிக்கும் கருவியை வாங்கிக்கொண்டு போய்க் குறித்து வந்து கொடுத்தார் மனிதர். “வெளிய போவாதில்ல பாப்பா?” என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். “பூட்டி வெச்சிடுவேன் மாமா” என்றாள்.

“...பூட்டித்தான் சார் இருக்கு! படத்த நம்ம ரெண்டு பேரத் தவிர யாரும் தொறக்க முடியாது. ஆனா மேல ‘விவரம்’னு ஒரு கட்டம் இருக்கில்ல... அது? ... ஏழு ஆபீசுக்குந் தெரியுமா? ... பாஸ்வேர்டு இல்லாமயேவா? ... ஐயோ.”

திரையில் அவள் போன மாதம் ஆசை ஆசையாய் எழுதிய நாலு வரியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அதுலதான் சார் எழுதிட்டேன்... எல்லாத்தையும்னா எல்லாந்தான்! பள்ளிவாசல் மினாராவும் லைட் ஹவுசும் ஒரே கோட்டுல வர்ற எடம், பதினோரு பாகம் ஆழம், ஐப்பசியில சங்கரா ஜாஸ்தி... ‘சொன்னவர் கொளஞ்சி’ன்னு... சிரிக்காதீங்க சார்! அத யாரோ பாத்துச் சொல்லி, காலையில ஒரு போட்டு ஓனர் எனக்கே போன் பண்றாரு, ‘பதினோரு பாகந்தானா, சரியா அளந்தீங்களா’ன்னு... விவரம் நல்லா எழுதுங்கன்னு ட்ரெயினிங்ல நீங்கதான சொன்னீங்க? ... மாமா பேரு ஒரு எடத்துலயாவது இருக்கட்டுமேன்னு...”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அழிக்கிறதுக்கு லெட்டரா? ... கமிட்டி கையெழுத்தா? சார், போட்டுங்க விடிகாலம் நாலு மணிக்குக் கெளம்பிடும், உங்க கமிட்டி எத்தன மணிக்கு எழுந்திரிக்கும்? ... சரி, சரி, தப்பா பேசிட்டேன். லெட்டர நானே பஸ்ஸேறி எடுத்தாந்து தரேன். மொதல்ல அழிங்க... உங்களால மட்டுந்தான் முடியும் சார்.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். இளமதி பக்கத்தை மறுபடி திறந்தாள். மெதுவாக, மெதுவாக வந்தது. கட்டம் வெறுமையாக இருந்தது.

“போயிடுச்சு... போயிடுச்சு சார். ... எத்தன பேரு பாத்திருக்காங்கன்னு தெரியுமா? ... பதினேழா?”

நாற்காலியில் சாய்ந்தாள்.

“...என்னது? ... மாமாகிட்ட யாரு போயி சொல்லப்போறாங்கன்னா கேக்கறீங்க? நான்தான் சார் சொல்லணும். நாளைக்கு அங்க போயி, அடுத்தவன் வலயப் பாத்துதான் அவரு தெரிஞ்சுக்கணுமா? ... இல்ல சார். வெக்கிறேன்.”

வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே மறுபடி தூக்கி எண்களை அழுத்தினாள்.

“மாமா... இளமதி... ம், சாப்ட்டேன். நீங்க? ... மாமா, பூட்டி வெச்சிடுவேன்னு சொன்னன்ல...”