செல் என்றால் குனிந்தவள்

"செல்! செல்! கெதியாப் படு!"

கத்திக்கொண்டே என் மனைவி தவமணியைத் தரையோடு அமுக்குகிறேன். நிலம் உதறுகிறது. தலைக்கு மேல் சிமெண்ட் ஷீட் கடகடக்கிறது. ஒரு வெடி. ஏழு வரை எண்ணுகிறேன். அடுத்தது வரவில்லை. செவ்வாய்க்கிழமை. பகல் ஒன்றேகால்.

பக்கத்து அறை மாதம்மா ஓடி வந்தார். பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"செல்லு காணோமாண்ணா? ரிங்கு குடுத்துப் பாக்கட்டா?"

அது கல்குவாரி வெடி. பர்கூர் பக்கம் பாறை உடைக்கிறார்கள். போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்து, இந்த லைன் வீட்டில் எங்களுக்கு மூன்றாம் நாள். எங்கள் ஊரில் செல் என்றால் எறிகணை. இங்கே செல் என்றால் கைப்பேசி. நானும் மாதம்மாவும் சிரித்துவிட்டோம். தவமணி மட்டும் தரையை விட்டு எழவில்லை.

வன்னியில் பங்கர் என்கிற பதுங்குகுழி வெட்டியவன் நான். சத்தம் வரும் பக்கம் வாசல் வைக்கக் கூடாது. எங்களை உயிரோடு வைத்த பாடம் அது. இந்த அறைக்கு ஒரே சன்னல். குவாரியைப் பார்த்த சன்னல். ஆறு சாக்கில் மண் நிரப்பினேன். அடைத்தேன்.

"இப்பதானப்பா நெஞ்சு ஆறுது," என்றாள் தவமணி.

விறகடுப்பு உள்ளேதான். புகை சுற்றிச் சுற்றி வருகிறது. மழைக்குச் சுவர் வியர்க்கிறது. மூட்டையில் பூசணம். வெயிலுக்குக் கூரை கொதிக்கிறது. நான் வேலைக்குப் போய்விடுவேன். பகல் முழுக்க அவள் அதற்குள். இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே.

மாதம்மா வாய் திறந்தால் சிரிப்புத்தான்; எனக்குப் பாதி வேதனை குறையும். அவரே சத்தம் போட்டார்.

"ஜன்னலத் தொறண்ணா! ஆள வெச்சு மூடறதுக்கு இது என்னா நெல்லுக் குதிரா?"

ஒரு மூட்டையை இறக்கினேன். ஒன்றேகால். வெடித்தது. தவமணி என் கையைப் பிடித்தாள். மூட்டையைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மூன்றாவது மழைக்காலம். புகையிலும் ஈரத்திலும் நுரையீரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். வீட்டில் சன்னல் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.

வியாழக்கிழமை. காலை ஆறு ஐம்பது. மூச்சு நின்றது. சத்தமே இல்லை.

அன்றே ஆறு மூட்டையையும் இறக்கினேன். காற்று வந்தது.

இழந்ததை எண்ணிச் சொல்லிவிடுகிறேன். அங்கே, அம்மா. தம்பி. தவமணியின் அக்கா. ஓட்டு வீடு ஒன்று. இங்கே, தவமணி.

இப்போதும் குவாரி வெடிக்கிறது. என்னை அறியாமல் செல் என்று கத்துகிறேன். லைன் வீட்டு வரிசையில் எல்லோரும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். குனிய ஆளில்லை.