பெட்ரியின் துப்பாக்கியில் துளை அடைபட்ட விவரம்

என் பெயர் நோரா வான் டைக். வயது அறுபத்தொன்று. தகப்பனார் கார்னேலியஸ் வான் டைக், காலமாகிவிட்டார். நியூயார்க் மாநிலம், பால்மர் கிரீக், மில் சாலை, 114ஆம் இலக்க வீட்டில் என் தம்பி டேலுடன் வசிக்கிறேன். டர்பைன் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடந்த ஒன்பது ஆண்டுகளாக, பழைய போர்களை மைதானத்தில் நடித்துக் காட்டுகிறவர்களின் சக்கிமுக்கித் துப்பாக்கிகளை என் காரேஜில் வைத்துப் பழுது பார்த்து வருகிறேன். அவை பழையவை அல்ல. பழையது போலத் தெரிய வேண்டும் என்று வெளிநாட்டுப் பட்டறைகளில் புதிதாகச் செய்து கப்பலில் வருகிறவை. தம் துப்பாக்கியை நான் வேண்டுமென்றே பாழாக்கிவிட்டதாக வெய்ன் பெட்ரி கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அது குறித்துத் துணை ஷெரிப் ஓர்டீஸ் கேட்டதற்கு நான் சொல்வது பின்வருமாறு.

வெய்ன் பெட்ரியை எனக்குப் பதினாறு வருடங்களாகத் தெரியும். கூரை போடும் ஒப்பந்தக்காரர். போர்க் காட்சி நடிக்கும் எங்கள் ஊர்ப் படைக்குழுவில் சார்ஜன்ட். என் தம்பியும் அந்தக் குழுவில் இருந்தான். சென்ற ஆண்டு ஆகஸ்டில் நடந்த காட்சியில் டேல் அவருக்கு வலப்பக்கம் நின்றான். இந்தத் துப்பாக்கியின் குழலில் வலப்பக்கமாக ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். கல் உரசிப் பொறி விழுந்து, துளையை ஒட்டி வெளியே இருக்கும் சிறு கிண்ணத்தில் கருமருந்து பற்றிக்கொண்டு, தீ அந்தத் துளை வழியாக உள்ளே போகும். வெடித்ததும் உள்ளே இருக்கும் தீயில் கொஞ்சம் அதே துளை வழியாக வெளியே பாயும். சுடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. வலப்பக்கம் நிற்கிறவர் முகத்தில்தான் அடிக்கும். அதற்காகக் கிண்ணத்தை ஒட்டிப் பித்தளை மறைப்பு ஒன்றைத் திருகி வைப்பது குழுவின் கட்டாய விதி. வெய்ன் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சுட்டார். டேலின் இடது காது கேட்காமல் போயிற்று. கன்னத்தில் கருமருந்துப் புள்ளிகள் இன்னும் தோலுக்கு அடியில் இருக்கின்றன. மருத்துவமனையில் வைத்து வெய்ன், "காத்து அந்தப் பக்கமா அடிச்சுடுச்சு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. டேல் குழுவை விட்டு விலகினான். சாப்பாட்டு மேசையில் இப்போது நான் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பேசுகிறேன். அன்று முதல் வெய்னுடன் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த ஜூன் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி அளவில் வெய்ன் துப்பாக்கியோடு என் காரேஜுக்கு வந்தார். அறுபது மைல் சுற்றளவில் இந்த வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால்தான் வந்தார், என் முகத்தைப் பார்க்க வரவில்லை.

"பொறி வரமாட்டேங்குது. பாதி ஏத்தி வச்சா தானா விழுந்துடுது. பதினாலாம் தேதி பெரிய காட்சி, அதுக்குள்ள வேணும்" என்றார்.

"பித்தளை மறைப்பு எங்க?" என்று கேட்டேன்.

"ஆயிரத்து எழுநூத்தி எழுபத்தேழுல எவன் பித்தளைத் தகடு மாட்டிக்கிட்டு சண்டைக்குப் போனான்? எனக்கு எல்லாம் அசலா இருக்கணும்."

"அப்ப உன் மூக்குக் கண்ணாடிய இங்க வச்சுட்டுப் போ. கப்பல்ல வந்த புதுக் கட்டைக்குச் சாயம் பூசி வச்சிருக்கே, அசலாம்."

அவர் துப்பாக்கியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அதை அப்படியே தெருவில் தூக்கி எறியத் தோன்றியது. செய்யவில்லை.

அதன் பிறகு நான் எல்லாத் துப்பாக்கிக்கும் செய்கிற வரிசைப்படி இதையும் பார்த்தேன். முதலில் இரும்புக் கம்பியைக் குழலுக்குள் போட்டேன், கணீரென்று கேட்டது, உள்ளே மருந்து எதுவும் இல்லை. அதன் பிறகு கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியலைப் பாதி ஏற்றி, விசையில் விரல் கொடுத்துத் துப்பாக்கியைத் தூக்கினேன். முழு எடையையும் தாங்க வேண்டும், இதில் சுத்தியல் டக்கென்று விழுந்தது. பூட்டு என்கிற சுத்தியல் பகுதியைக் கழற்றிப் பார்த்ததில், சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் வெட்டு தேய்ந்து மழுங்கியிருந்தது. அதை அரம் போட்டுப் புதிதாக வெட்டி இறுக்கம் ஏற்றினேன். கல் வந்து உரசும் இரும்பு வெண்ணெய் போல் மிருதுவாக இருந்தது. அதைக் கெட்டியாக்க எலும்புக்கரியோடு தகர டப்பாவில் அடைத்து, உலையில் இரண்டு மணி நேரம் வைத்து, தண்ணீரில் போட்டு எடுத்தேன். பூட்டின் ஸ்பிரிங்கைத் தேய்த்து மெருகிட்டேன். அதன் பிறகு பத்து முறை அடித்துப் பார்த்ததில் பத்து முறையும் கை நிறையப் பொறி விழுந்தது. இவ்வளவு நல்ல பூட்டை என் தம்பிக்குக்கூட நான் செய்து கொடுத்ததில்லை. ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காக வேலையில் நான் குறை வைக்கிறவள் இல்லை.

அதன் பிறகு குழலைக் கட்டையிலிருந்து பிரித்துத் துளையைப் பார்த்தேன். இந்தத் துப்பாக்கிகள் அலங்காரப் பொருள் என்ற பெயரில் துளை போடாமல்தான் கப்பலில் வருகின்றன. வாங்குகிறவர்கள் பிறகு போட்டுக்கொள்வார்கள். வெய்ன் கை டிரில்லை வைத்துத் தாமே போட்டிருக்கிறார். அதுவும் பின்னால் தள்ளி, குழலின் அடியை மூடும் திருகின் மரை மேலேயே போட்டிருக்கிறார். போதாததற்கு போன குளிர்காலத்தில், சீக்கிரம் பற்ற வேண்டும் என்று, பென்சில் முனை நுழையும் அளவுக்கு அகலப்படுத்தியிருக்கிறார். எனக்குச் சந்தேகம் வந்து, துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினேன். ஐந்து நிமிடத்தில் வெள்ளைத் தூளில் துளையிலிருந்து முன்பக்கமாக நகத்தின் நீளத்துக்கு ஒரு ஈரக்கோடு தெரிந்தது. குழலில் விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். துளையை மட்டும் அடைத்துச் சிறிதாகப் போட்டுக் கொடுக்கலாம். விரிசலுக்கு மருந்து கிடையாது, குழலையே மாற்ற வேண்டும்.

ஐந்தாம் தேதி வெய்னைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டினேன்.

"அது உன் அரம் கீறினது" என்றார்.

"கீறல்ல எண்ணெய் கசியாது வெய்ன். இது அடுத்த வெடிக்கோ, ஐம்பதாவது வெடிக்கோ, பக்கவாட்டுல கிழிஞ்சுட்டுப் போகும்."

"பூட்டச் சரி பண்ணச் சொன்னா பூட்ட மட்டும் பண்ணு. டேல் காதுக்கு என்மேல கோபத்த வச்சுக்கிட்டு என் குழல்ல ஓட்டை தேடாத."

"இத வரிசையில எவன் சோதிச்சு விடுவான்?"

"நான்தான் சார்ஜன்ட். நான்தான் சோதிப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அது உண்மைதான். குழுவில் எல்லாருடைய துப்பாக்கியையும் காட்சிக்கு முன்னால் சோதிப்பது சார்ஜன்ட். சார்ஜன்டின் துப்பாக்கியைச் சோதிக்க யாரையும் வைக்கவில்லை. அன்று பிற்பகல் குழுத் தலைவருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "சோதனை வெய்னோட பொறுப்பும்மா, அவர்ட்டயே பேசிக்கோங்க" என்று வைத்துவிட்டார்.

பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துப்பாக்கியை வாங்கிப் போக வெய்னின் மனைவி ஜோலீன் வந்தாள். ஒரு காலத்தில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வருஷம் ஒன்னு ஆகப்போகுது, இன்னும் அவர விடமாட்டேங்குற" என்றாள்.

"நாளைக்கு அவன் வலப்பக்கம் யாரு நிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

 "நான்தான். டேலுக்கு அப்புறம் ஒருத்தரும் மாட்டேன்னுட்டாங்க. புருஷன் பக்கத்துல பொண்டாட்டிகூட நிக்கலன்னா ஊர் சிரிக்காதா?" என்றாள்.

நான் குழலைக் கொண்டு வந்து சாக்பீஸ் தூளில் இருந்த கோட்டைக் காட்டினேன். அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள். விரலை வைத்து நீளம் பார்த்தாள்.

"இத அவருக்குக் காட்டினியா?"

"காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"என் அரம் கீறினதாம்."

ஜோலீன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாட்டிக் குடு நோரா. எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரு, எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றாள். நான் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லி, காரேஜின் உள்பக்கம் போனேன். கம்பியைப் போட்டுக் குழல் காலி என்பதை மறுபடியும் உறுதி செய்துகொண்டேன். அதன் பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு, அந்தத் துளையை வெல்டு வைத்து முழுவதுமாக அடைத்தேன். மேட்டைத் தேய்த்துச் சமமாக்கி, கறுப்புச் சாயம் ஏற்றி, குழலைக் கட்டையில் மாட்டினேன். இடையில் கதவு திறந்துதான் இருந்தது. துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தபோது, "சூடா இருக்கு" என்றாள். அதன் பிறகு கழுத்தில் இருந்த துணியை எடுத்துக் குழலைச் சுற்றி, காரின் பின் இருக்கையில் படுக்க வைத்து ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் மைதானத்துக்கு நானும் போனேன். யாரும் அழைக்கவில்லை, பார்க்க வேண்டும் என்று போனேன். காலை ஒன்பதரை மணிக்கு வெய்ன் முப்பத்தெட்டுத் துப்பாக்கிகளிலும் கம்பி போட்டு, துளையில் ஊசி விட்டுப் பார்த்தார். இரண்டு பேரை வரிசையிலிருந்து வெளியே அனுப்பினார். தம் துப்பாக்கியில் ஊசி விடவில்லை. விட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். முதல் முறை சுட்டபோது அவருடைய துப்பாக்கியில் கிண்ணம் மட்டும் அழகாகப் பற்றியது, குழல் வெடிக்கவில்லை. அதன் பிறகு இடுப்பில் தொங்கிய ஊசியை எடுத்துத் துளையில் குத்தினார், போகவில்லை. கட்டை விரலால் தடவிப் பார்த்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதன் பிறகு பதினொரு முறை கிண்ணத்தில் மட்டும் மருந்து போட்டு, பற்றவைத்து, தோள் அதிர்ந்தது போல் நடித்தார். அந்தப் பன்னிரண்டு முறையும் ஜோலீன் அவருக்கு வலப்பக்கம் நின்றாள். அந்த இடத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் தோளைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். அவள் முதல் முறையிலிருந்தே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காட்சி முடிந்ததும் வெய்ன் கயிற்றைத் தாண்டி வந்து, "உன்ன ஜெயில்ல தள்ளாம விடமாட்டேன்" என்றார். "ஊசி விட்டுப் பாத்தியா சார்ஜன்ட்?" என்று மட்டும் கேட்டேன்.

துளையை அடைத்ததை ஏன் அவரிடம் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்டதற்கு: விரிசலைச் சொன்னேன், கேட்கவில்லை. சோதிப்பது தம் வேலை என்றார், அந்த வேலையை அவருக்கே விட்டேன்.

ஜோலீனுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு: நான் அவளிடம் சொல்லவில்லை, அவள் என்னிடம் கேட்கவில்லை. புகாரில் அவள் பெயர் இல்லை. அவளைப் பற்றி இதற்கு மேல் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன்.

விரோதத்தினால் செய்தாயா என்று கேட்டதற்கு: ஆமாம், எனக்கு விரோதம் உண்டு, இன்னும் ஆறவில்லை. முன்பின் தெரியாதவர் அந்தக் குழலைக் கொண்டு வந்திருந்தாலும் அடைத்துத்தான் கொடுத்திருப்பேன். இவ்வளவு சந்தோஷமாக அடைத்திருக்க மாட்டேன்.

துளையைத் திறந்து கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெற வெய்ன் சம்மதிப்பதாகத் துணை ஷெரிப் சொன்னார். அலங்காரப் பொருள் என்று கப்பலில் வந்தது, இப்போது அலங்காரப் பொருளாகவே இருக்கிறது. சுவரில் மாட்டிக்கொள்ளட்டும். திறக்க மாட்டேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. நடந்ததைத்தான் சொன்னேன், மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை.

ஒப்பம்: நோரா வான் டைக்
பதிவு செய்தவர்: துணை ஷெரிப் ஓர்டீஸ்
ஜூன் 16, பிற்பகல் 2.40