பனிக்கிணற்றைப் பார்க்க வந்தவர்

எங்கள் ஊரை ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் பாலத்திலிருந்து தொடங்க வேண்டும். கோபுரத்திலிருந்து தொடங்குகிறவர்கள் மதியத்துக்குள் களைத்துப்போய், அருவியைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். இந்த வரிசையை வகுத்தவள் என் மனைவி இலாரியா. பாலம், கோபுரம், சிற்றாலயம், அருவி, கடைசியில் பனிக்கிணறு.

நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும், மாரெஷால்லோ. ஜெர்மானோ தெல்ஃபீனி எங்கே என்று கேட்டீர்கள். மூன்று நாளாக அவரைத் தேடுகிறீர்கள். இந்தக் காவல் நிலைய அறைக்கு வெளியே பெஞ்சில் அவருடைய மகள் உட்கார்ந்திருக்கிறாள். சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

எங்கள் பியெத்ராசோலா ஊரில் பார்க்கத்தக்க இடங்கள் எல்லாம் பூட்டித்தான் இருக்கும். கதவில் ஒரு போன் எண் ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் கூப்பிட்டால் சாவி வைத்திருப்பவர் போய்த் திறந்துவிட வேண்டும். அந்தப் பொறுப்பு இலாரியாவிடம் இருந்தது. நான் பொலோஞாவில் தொல்லியல் படித்தவன். அவள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஆனாலும் வருகிறவர்களுக்கு அவளைத்தான் பிடிக்கும். நான் ஆண்டுகளைச் சொல்வேன். அவள் எந்தப் பிரபு யாருடைய பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று சொல்வாள். நான் பேசும்போது பெரும்பாலானவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

நீங்கள் மார்ச்சில்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு மாரெஷால்லோவாக மாற்றலாகி வந்தீர்கள். அக்டோபரில் நடந்தது கோப்பில் இருக்கும். அவளுக்கு ஆஸ்துமா. செஸ்ட்நட் கொட்டை வறுக்கும் விழாவன்று தெருவெல்லாம் அடுப்பு, ஊரெல்லாம் புகை. ஆம்புலன்ஸ் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. ஊர் வாசல் வளைவுக்குள் ஒரு வண்டி நின்றிருந்தது. அந்த வளைவில் ஒரு வண்டிதான் நுழைய முடியும். ஆரன் அடித்தார்கள், யாரும் வரவில்லை. பிறகு ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். பதினொரு நிமிடம் தாமதம். ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் போதும் என்று மருத்துவர் சொன்னார். அவளுக்கு முப்பத்தொரு வயது.

கதவுகளில் ஒட்டியிருக்கும் அவளுடைய எண்ணை நான் மாற்றவில்லை. அவள் போன் என்னிடம் இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் நான் போய்த் திறந்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை அவர் கூப்பிட்டார்.

"இலாரியாம்மாவா? நான் கிரெமோனாலேருந்து ஜெர்மானோ பேசறேன். போன அக்டோபர்ல விழாவுக்கு வந்தேனே. கோபுரத்த மட்டும் பாத்துட்டு மிச்சத்துக்கு இன்னொரு நாள் வாங்கன்னு சொன்னீங்க. இன்னிக்கு வரட்டுமா?"

"வாங்க," என்றேன். "அவங்க ஊர்ல இல்ல. நான் காட்டறேன்."

பத்து மணிக்குப் பாலத்தருகே காரை நிறுத்திவிட்டு இறங்கினார். அறுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், கையில் ஊன்றுகோல். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்கதானா தம்பி! அன்னிக்குக் கோபுரத்துல எனக்கு வெளக்கம் சொன்னது நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

மதுக்கடைக்காரி பியேரா நாங்கள் இருவரும் அவள் கடையில் காபி குடித்ததைப் பார்த்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். அவள் எப்போதும்போல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"என்னடா ரெமோ, ரெண்டாந்தரமும் உன் பேச்சக் கேக்க ஒருத்தர் வந்திருக்காரா? ஐயா, உங்களுக்குக் காது சரியாக் கேக்காதோ?"

"நல்லாவே கேக்கும்மா. அதான் திரும்பி வந்தேன்."

"இவன் ஆரம்பிச்சான்னா காபி ஆறிடும். சுருக்காக் குடிச்சிருங்க."

"ஆறட்டும். காபி எங்க வேணாலும் கெடைக்கும். இவர மாதிரி சொல்றவங்க கெடைப்பாங்களா?"

"மெதுவாச் சொல்லுங்க, நம்பிடப் போறான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று பியேரா சொன்னால் அதுவும் உண்மையாக இருக்கும்.

சிற்றாலயத்தில் ஒரு மணி நேரம் இருந்தோம். சுவரோவியத்தில் புனிதரின் கையில் ஆறு விரல் இருப்பதை அவரே கண்டுபிடித்தார். அதை இதுவரை யாரும் கவனித்ததில்லை. அருவியில் காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்தார். குளிர் தாங்காமல் குழந்தையைப்போல் கத்தினார். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். சலாமி இறைச்சி வைத்த ரொட்டி. நான் சாப்பிட்டேன்.

அங்கே உட்கார்ந்துதான் அதைச் சொன்னார்.

"அன்னிக்கு உங்கள ரொம்பப் படுத்திட்டேன், தம்பி. அந்தச் சன்னல் ஏன் குறுகலா இருக்கு, இந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு நாப்பது நிமிஷம் விடவே இல்ல. நீங்களும் சலிக்காம சொல்லிட்டே இருந்தீங்க. வீட்டுக்குப் போயி எம் பொண்ணுகிட்ட சொன்னேன், எனக்கும் அந்தத் தம்பிக்கும் நேரம் போனதே தெரியலம்மான்னு."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் நல்ல மனிதர். பனிக்கிணற்றுக்கு அழைத்துப்போனதும் கோபத்தால் அல்ல. வரிசையில் அடுத்தது அதுதான்.

நீங்கள் அதைப் பார்த்ததில்லை. காட்டுக்கு மேலே, பாதையை விட்டு விலகி இருக்கிறது. அந்தக் காலத்தில் குளிர்காலப் பனியை உள்ளே கொட்டி மிதித்து, வைக்கோல் போட்டு மூடி, கோடையில் கீழே நகரத்துக்கு வெட்டி அனுப்பினார்கள். மேலே கல் கூரை, ஒரே ஒரு கதவு. உள்ளே இருபத்திரண்டு படி இறங்க வேண்டும். அங்கே போன் எடுக்காது. அவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"நீங்க வரல?"

"மேலேருந்தே சொல்றேன், ஐயா."

"போட்ட பனி எத்தன நாளைக்கி உருகாம இருக்கும்?"

"ஆகஸ்ட் கடைசி வரைக்கும்."

நல்ல கேள்வி. அவருடைய எல்லாக் கேள்விகளும் நல்ல கேள்விகள். நான் கதவைச் சாத்தினேன். சாவியை இடப்பக்கமாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். "தம்பி, வெளிச்சம் போச்சு," என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்று நினைத்திருப்பார். அப்போது மணி மூன்றரை.

அருவியில் அவரை விட்டுவிட்டு வந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். தேடும் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதை தெரிந்தவன் என்பதால் என்னை முன்னால் போகச் சொன்னார்கள். இரண்டு நாள் அவர்களைப் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் கூட்டிப்போனேன். பூட்டியிருக்கும் இடங்களைப் பார்க்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். நான் பார்த்துவிட்டேன் என்றேன். அது பொய்யல்ல. தினமும் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நேற்று கதவைத் தட்டினார். அந்த முட்டி வலியை வைத்துக்கொண்டு படியேறி வந்திருக்கிறார்.

மகள் நேற்று பாலத்தில் என்னிடம் வந்தாள். மிரேல்லா என்று பெயர். "அண்ணா, அப்பாவுக்கு முட்டி வலி. ரொம்ப தூரம் நடக்க மாட்டாரு. எங்கயாச்சும் உக்காந்திருப்பாரு, இல்ல?"

"ஆமாம்மா. உக்காந்துதான் இருப்பாரு."

"நீங்க ரெண்டு நாளாத் தூங்கவே இல்லன்னு பியேரா அக்கா சொன்னாங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல." என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கட்டும் என்று விட்டேன்.

இதுதான் சாவி. நீளமானது. உங்கள் ஆட்களிடம் கொடுத்தனுப்புங்கள். நடந்தால் முக்கால் மணி நேரம், ஜீப்பில் இருபது நிமிடம். கம்பளியும் தண்ணீரும் எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

போய்விட்டார்கள். சரி.

ஏன் என்று கேட்கிறீர்கள். வளைவுக்குள் நின்றது அவருடைய காரா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவர் அன்றும் பாலத்தருகேதான் நிறுத்தினார், ஒழுங்கான மனிதர். நீங்கள் திருப்பிக்கொண்டிருக்கும் அந்தக் கோப்பில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எழுதிய அறிக்கை இருக்கும். வெள்ளை வேன். வண்டி எண்ணும் இருக்கும். அது என் வண்டி.

அன்று காலையிலிருந்தே இலாரியாவுக்கு மூச்சு சரியாக இல்லை. கிரெமோனாவிலிருந்து ஒருவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், கோபுரத்தையாவது திறந்துவிட்டு வா என்று அவள்தான் என்னை அனுப்பினாள். விழாக் கூட்டத்தில் வேறு இடமில்லை. கதவைத் திறந்துவிட்டு உடனே இறங்கி வந்துவிடலாம் என்று வேனை வளைவுக்குள் விட்டேன். கோபுரச் சுவர் இரண்டு மீட்டர் தடிமன். உள்ளே ஆரன் சத்தம் கேட்காது, போனும் அடிக்காது. அவர் முதல் கேள்வியைக் கேட்டார். நான் பதில் சொன்னேன்.

அவர் இன்னும் ஒரு கேள்வி குறைவாகக் கேட்டிருக்கலாம். நான் சொல்வது அவ்வளவுதான். ஐந்து நிமிடம் போதும் என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார். இதை அவருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. அவரைத் துன்புறுத்துவது என் நோக்கமல்ல. தினமும் காலையில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்த நேரம், படிகளின் எண்ணிக்கை, அவள் வயது. செவ்வாய்க்கிழமை என்னை மன்னிச்சிடுங்க தம்பி, எனக்குத் தெரியாது என்றார். நேற்று தண்ணீர் கேட்டார். இரண்டும் பதில் ஆகாது என்பதால் இன்று விடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இன்று அவர் எதுவும் கேட்கவில்லை. புரிந்துகொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.