துப்பாக்கிக்கு ஒரு காரணம்

அன்புச்செல்வி: மறுபடியும் மொதல்லேருந்து கேக்கறேங்க. துப்பாக்கி லைசென்ஸ் எதுக்கு?

கோதண்டபாணி: அதான் சொன்னனேம்மா. பன்னிக்கு.

அன்புச்செல்வி: பன்னிக்கு யாருங்க லைசென்ஸ் குடுப்பாங்க?

கோதண்டபாணி: காட்டுப்பன்னி வந்து மல்லாட்டய நோண்டிப் போட்டுடுதும்மா. அத வெரட்ட.

பாஞ்சாலி: திருடனும் வர்றான்னு சேத்துப் போடு பாப்பா.

கோதண்டபாணி: இன்னா திருடன்... ஏய், நீ சும்மா இருக்கமாட்ட?

பாஞ்சாலி: ரெண்டு காரணமா இருந்தா கெட்டியா இருக்கும்னு சொன்னேன்.

அன்புச்செல்வி: புருஷனும் பொண்டாட்டியும் பேசி ஒரு காரணத்துக்கு வாங்க. இந்த இ-சேவையில நான் ஒருத்திதான். வாசல் வரைக்கும் ஆளு நிக்குது பாருங்க.

கோதண்டபாணி: கோச்சிக்காதம்மா. திண்டிவனத்துல ஒரு கடைக்குப் போனோம். துப்பாக்கின்னதும் அந்தத் தம்பி கரண்டு இல்லன்னுட்டான். தலைக்கு மேல ஃபேன் ஓடிக்கினு இருக்குது. அதான் பஸ்ஸேறி விழுப்புரத்துக்கே வந்துட்டோம். இன்னிக்கே போயிடணும்மா இது.

அன்புச்செல்வி: போகும், போகும். ‘வேர்க்கடலைப் பயிர் பாதுகாப்பு’ன்னு போடறேன். வயசு?

கோதண்டபாணி: அறுவத்திரெண்டு.

அன்புச்செல்வி: இதுக்கு முன்ன துப்பாக்கி சுட்டிருக்கீங்களா?

கோதண்டபாணி: மயிலம் திருவிழாவுல பலூன் சுட்டிருக்கேன்.

பாஞ்சாலி: ஒண்ணுகூட வெடிக்கல. கடக்காரன் பாவம் பாத்து ஒரு சோப்பு டப்பா குடுத்தனுப்பினான்.

அன்புச்செல்வி: ‘இல்லை’ன்னு போட்டுடறேன்.

கோதண்டபாணி: பயிருன்னு போட்டியே, பக்கத்துலயே சர்வே நம்பரயும் போட்டுடும்மா. நூத்திப் பதினாலு பார் ரெண்டு பி.

அன்புச்செல்வி: அதுக்கு வேற கட்டம் இருக்குதுங்க.

கோதண்டபாணி: காரணத்துலயும் வரட்டுமே.

அன்புச்செல்வி: காரணத்துல எதுக்குங்க?

கோதண்டபாணி: பன்னி அங்கதான வருது.

அன்புச்செல்வி: பன்னி சர்வே நம்பரு பாத்தாங்க வருது?

பாஞ்சாலி: போடேன் பாப்பா. நாலு எழுத்துல இன்னா கொறஞ்சிடப் போவுது?

அன்புச்செல்வி: சரி... போட்டாச்சி. பட்டா யாரு பேர்ல இருக்குது?

கோதண்டபாணி: அது வந்து...

பாஞ்சாலி: நாப்பது வருஷமா நாங்கதான் பயிரு வெக்கறோம்.

அன்புச்செல்வி: நான் பட்டா கேட்டேம்மா.

பாஞ்சாலி: வெறும் முள்ளா கெடந்துச்சி. நானும் இவரும்தான் வெட்டி, கல்லு பொறுக்கி...

அன்புச்செல்வி: பட்டா இல்ல. அப்பிடித்தான?

கோதண்டபாணி: இல்லம்மா. கவர்மெண்டு தரிசு.

அன்புச்செல்வி: கடவுளே... பட்டாவே இல்லாத நெலத்துக்குத் துப்பாக்கியா?

கோதண்டபாணி: கேக்கக் கூடாதா?

அன்புச்செல்வி: கேக்கலாம். யாரு வேணா கேக்கலாம். விசாரணையில அடிபட்டுப் போயிடும்.

கோதண்டபாணி: அந்த விசாரணைக்கு யாரு யாரும்மா வருவாங்க?

அன்புச்செல்வி: ஸ்டேஷன்லேருந்து வருவாங்க. விஏஓ வருவாரு, ரெவின்யூ இன்ஸ்பெக்டரு வருவாரு.

கோதண்டபாணி: நெலத்துக்கேவா?

அன்புச்செல்வி: பயிருக்குன்னு கேட்டா நெலத்தத்தான பாக்கணும்?

கோதண்டபாணி: பாத்து... எழுதிக்கினு போவாங்களா?

அன்புச்செல்வி: எழுதித் தாசில்தாருக்குக் குடுப்பாங்க. ஏங்க, லைசென்ஸ் கெடைக்காதுங்கறேன், இவ்ளோ சந்தோஷப்படறீங்க?

கோதண்டபாணி: சந்தோஷம்லாம் இல்லம்மா. தெரிஞ்சி வெச்சிக்கலாம்னு...

அன்புச்செல்வி: யார்கூடனா பகை இருக்குதா? யாராவது மெரட்டறாங்களா?

கோதண்டபாணி: ஒண்ணும் கெடையாது.

பாஞ்சாலி: அந்த சீனுவாசன் நம்ப வரப்புல கல்லு நட்டுட்டுப் போனானே...

கோதண்டபாணி: ஏய்...

அன்புச்செல்வி: யாரு சீனுவாசன்?

கோதண்டபாணி: பிளாட்டு போட்டு விக்கறவரும்மா. அனந்தபுரத்துல ஆபீஸு வெச்சிருக்காரு. நம்ப நெலத்தயும் சேத்துப் போடணும்னு பாக்கறாரு.

அன்புச்செல்வி: அவரச் சுடத்தான் இதெல்லாமா?

பாஞ்சாலி: இவரா? கோழி அறுக்கச் சொன்னாலே தெருக்கோடிக்கு ஓடிப்பூடுவாரு.

அன்புச்செல்வி: வெளையாடாதீங்கம்மா. நாளைக்கு எதுனா ஆச்சின்னா எந்தக் கடையில டைப் பண்ணதுன்னு என்னத்தான் தேடி வருவாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. எனக்கு பயமா இருக்குது, வேற எடம் பாருங்க.

கோதண்டபாணி: சத்தியமாம்மா. யாரையும் சுடமாட்டேன். பன்னியக்கூட சுடமாட்டேன்.

அன்புச்செல்வி: பன்னியக்கூடவா?

கோதண்டபாணி: ஆமாம்மா.

அன்புச்செல்வி: அப்ப அரை மணி நேரமா என் உசுர எதுக்குய்யா எடுத்தீங்க? கேன்சல் பண்றேன்.

கோதண்டபாணி: வாணாம்மா, வாணாம்... பாஞ்சாலி, சொல்லிடலாமா?

அன்புச்செல்வி: சொல்லுங்க. இல்லன்னா எழுந்திரிங்க.

பாஞ்சாலி: பதினோரு வருஷமா பட்டா கேட்டு மனு குடுக்கறோம் பாப்பா. தாலுகா ஆபீஸு, கலெக்டர் ஆபீஸு, ஜமாபந்தி, எதயும் வுடல. ஒரு ஆளு அந்தப் பக்கம் வந்து எட்டிப் பாக்கல. இப்ப சீனுவாசன், அது கட்டாந்தரை, அங்க யாரும் பயிரே வெக்கலன்னு தாலுகா ஆபீஸுல எழுதிக் குடுத்துட்டான். பக்கத்து ஊருல மண்ணாங்கட்டின்னு ஒருத்தரு, பன்னிக்குன்னு துப்பாக்கி கேட்டு எழுதினாரு. அஞ்சாம் நாளு ஜீப்பு வந்து நெலத்துல நின்னுச்சி. துப்பாக்கி குடுக்கல. ஆனா இன்னாரு இங்க பயிரு வெச்சிருக்காருன்னு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கினு போனாங்க. எங்களுக்கு அந்தக் கையெழுத்துதான் வேணும். மல்லாட்ட காய் புடிச்சி நிக்குது, இன்னும் இருவது நாள்ல புடுங்கிடணும். அதுக்குள்ள அவங்க வந்து பாக்கணும் பாப்பா. நீ துப்பாக்கின்னே போடு.