ஜப்பான்ல அடிச்ச பெயிண்டு

— எங்க அப்பா அன்னைக்கு என்ன கேட்டாவ, ஞாபகம் இருக்கா? “தம்பி, நீங்க வண்டியப் பாக்க வந்தியளா, பொண்ணப் பாக்க வந்தியளா?”ன்னு கேட்டாவ. நீங்க என்ன சொன்னிய?

— ரெபேக்கா, பேச்ச மாத்தாத. டேங்க்ல யாரு பெயிண்ட் அடிச்சது?

— “பொண்ணத்தான் மாமா”ன்னிய. சொல்லிட்டு அந்தாக்குல குனிஞ்சு எஞ்சின் நம்பரப் படிச்சிய. நான் காப்பித் தட்டோட நிக்கேன். எங்க அண்ணன் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கான்.

— பன்னெண்டு வருஷத்துக் கதை இப்ப எதுக்கு? ரெண்டே நாளு பூனா போயிட்டு வாரேன். கதவத் தெறந்தா என் ஹோண்டா பளபளன்னு நிக்கி, கல்யாண வீட்டுக் காரு மாதிரி. யாரு அடிச்சதுன்னு கேக்கேன்.

— ஜமால் பாய்தான். கிறிஸ்துமஸுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தாரு. செவுரு, கதவு, ஜன்னல் கம்பி, மேல ஏறுத இரும்பு ஏணி, எல்லாத்துக்கும் அடிச்சாச்சு. வருஷா வருஷம் நடக்கதுதான? இது ஒண்ணுதான் அழுக்கா நின்னுச்சு. இதுக்கும் அடிங்க பாய்னேன்.

— அழுக்கா? ஏட்டி, அது அழுக்கில்ல! எழுபத்தி ஒண்ணுல ஜப்பான்ல அடிச்ச பெயிண்டு! அம்பது வருஷம் வெயிலும் பெட்ரோலும் பட்டு அந்தத் தங்கக் கலரு மங்கி, தேன் மாதிரி ஆயிருந்துச்சு. இனி அந்தக் கம்பெனிக்காரனே வந்து அடிச்சாலும் டூப்ளிகேட்டுதான். அவ்வளவுதான். கத முடிஞ்சு போச்சு.

— கத்தாதிய. பக்கத்து வீட்டுல நஜ்முன்னிசா அக்கா தொழுதுக்கிட்டு இருக்காவ.

— தொழட்டும். எனக்கும் சேத்து துஆ கேக்கட்டும். நாளைக்குக் காலைல செம்பூர்லேர்ந்து அப்துல் வாஹித் பாய் வாராரு வண்டி பாக்க. போல்ட் தலைல இருக்க எழுத்தப் பாத்தே வருஷம் சொல்லுத ஆளு. பிரேம் நம்பரு, எஞ்சின் நம்பரு ரெண்டும் ஜோடி. சீட்டு ஒரிஜினல். கம்பெனி குடுத்த ஸ்பானர் பைகூட அப்படியே இருக்கு. போட்டோவப் பாத்துட்டு அந்த மனுஷன் ரெண்டு நாளா சாப்பிடலியாம். அவருக்கு நான் இப்ப என்னத்தக் காட்ட? ஜமால் பாய் கைவேலையவா?

— நல்ல பெயிண்டுதான். ஜன்னல் கம்பிக்கு அடிச்சதுல மிச்சம் இருந்துச்சு.

— ஜன்னல் கம்பி பெயிண்டா!

— ஆமா. காப்பிப்பொடிக் கலரு.

— கோட்டிக்காரி! கூறு இருக்காட்டி உனக்கு?

— இருக்கு. கூறு இருந்துதான் செஞ்சேன்.

— என்னது?

— பன்னெண்டு வருஷம் உங்க கூடக் குப்ப கொட்டுதேன்லா. “பெயிண்ட் போனா பாதி வெல, லைட்டுக் கண்ணாடி மாத்துனா அதுல கால்வாசி”ன்னு சோத்துல கைய வச்சுக்கிட்டே போன்ல பேசுவியளே, யாரு காதுல விழுது? வேணும்னுதான் அடிச்சேன். ஜமால் பாய் பயந்தாரு. “பாபி, டேனி பாய் மார் டாலேகா”ன்னு, நீங்க கொன்னுருவியன்னு, பின்னாலேயே போறாரு. நான்தான் பிரஷ்ஷப் புடுங்கி மொதக் கோட்டப் போட்டேன். சைடு கவருக்கும் சேத்து.

— பாவி… எதுக்குட்டி?

— எங்க அப்பா வண்டிய விக்கப் பாத்தியளே, அதுக்கு. எனக்கு ஒரு வார்த்த சொன்னியளா? லோக்கல் ட்ரெயின்ல, லேடீஸ் பொட்டில, அத்தன பேரு முன்னால எதுத்த வீட்டு மாரிசெல்வி கேக்கா: “உங்க அப்பா வண்டிய உன் மாப்பிள்ளை விக்காராமே!” நான் தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுதேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— சொல்லலாம்னுதான் இருந்தேன்.

— எப்ப? வண்டி டெம்போல ஏறுன பொறவா? அப்பா டாக்ல கிரேன் ஓட்டுன காலத்துல கப்பல் ஆபீசர் ஒருத்தர்கிட்ட கெஞ்சி வாங்குன வண்டி இது. என்னயக் கட்டிக் குடுக்கையில கூடவே உங்களுக்குக் குடுத்தாவ. நான் பொறக்கையில எங்க அம்மா வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனது இதுல. போன மாசம் அப்பா கோபர்கைரனேல அண்ணன் வீட்டுலேர்ந்து வந்தாவளே, முட்டு வலி, ஏணி ஏற முடியல. இதுக்குப் பக்கத்துலதான ஸ்டூலப் போட்டு உக்காந்தாவ? மீன் கொழம்பு தட்ட மேலேருந்து எறக்கிக் குடுத்தோம். ஒரு கையால சாப்பிட்டுக்கிட்டு இன்னொரு கையால இந்த டேங்க்கத் தடவிக்கிட்டே இருந்தாவ. அத விக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? யமஹா வந்துச்சு, போச்சு. சுசூகி வந்துச்சு, போச்சு. நான் வாயத் தெறந்தேனா?

— தெறக்கல. அதான் எனக்கு எரிச்சலு. எதுக்குமே தெறக்க மாட்ட.

— பாத்தியளா, பழி எம்மேல திரும்புது!

— எடம் வேணும்னு விக்கேன். வெளிய சந்துல விட்டா ஒரே மழைல துருப் புடிச்சிரும். வாஹித் பாய் வீட்டுல இருந்தா மகராசனாட்டம் இருக்கும்.

— எதுக்கு எடம்? நாம நாலு பேரும் மேல கால மடக்கிப் படுக்கோம். கீழ வண்டி கால நீட்டிப் படுத்திருக்கு. இப்ப இதவிடப் பெருசா ஒண்ணு வருதோ? என்ன அது, கவாசாகியா?

— ஒரு மண்ணும் வரல.

— பொய். பூனாவுக்குப் போறதுக்கு முந்துன நாளு டேப் வச்சு அளந்தியளே. நான் பாக்கலன்னு நெனச்சியளா? செவுத்துலேர்ந்து கதவு வரைக்கும் அளந்து, தரையில சாக்பீஸ் கோடு போட்டிய.

— ஆமா, அளந்தேன். ஆறேகால் அடி.

— எந்த வண்டிங்க ஆறேகால் அடி?

— வண்டி இல்லட்டி. கட்டிலு.

— கட்டிலா? யாருக்கு?

— அத நான் சொல்ல மாட்டேன். மாரிசெல்விகிட்ட பொலம்பத் தெரியுது உனக்கு. கோயில்ல பாதர்கிட்ட சொல்லி அழத் தெரியுது. என்கிட்ட மட்டும் கேக்கத் தெரியல. தெனம் சோறு போடும்போது தொண்ட வரைக்கும் வரும், அப்படியே முழுங்கிருவ. நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்? நான் என்ன அவ்வளவு கொடும்பாவியா? நீ கேக்காம நான் கட்டிலு வாங்க மாட்டேன்.

— ஐயோ… வண்டியக் கெடுத்துட்டேனே.

— சவம், கெட்டுட்டுப் போகுது. பாய் பாதி வெலைக்கு எடுக்கட்டும், இல்லன்னா உங்க அண்ணன் வீட்டுல கொண்டு போட்டுருவோம். பேச்ச மாத்தாத. கேளு.

— கேட்டு, நீங்க முடியாதுன்னுட்டா? பொறவு நான் எப்படிங்க உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இந்த வீட்டுல இருப்பேன்? அந்தப் பயத்துலதான்…

— கேளுன்னு சொல்லுதேன்லா!

— எங்க அப்பாவ இங்க கூட்டிட்டு வந்து வச்சுக்கிடுவோமாங்க?